ஒரே சட்டி, வேறு வேறு பங்கு: வன்னி வீடுகளில் உணவுப் பகிர்வைச் சரிசெய்ய ஒரு வழிகாட்டி

காலபோக அறுவடை முடிந்து விறாந்தையில் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும் வீட்டிலும், அந்த நெல்லை அவித்து, காயவைத்து, சோறாக்கிப் போடுகின்ற பெண்ணுக்குக் குருதிச்சோகை இருக்கலாம். வீட்டில் உணவு இருக்கிறது என்பதும் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் போதிய அளவு உண்கிறார்கள் என்பதும் ஒன்றல்ல. நிவாரணப் பட்டியல்களும் குடும்ப விபரப் படிவங்களும் ஒரு குடும்பத்தை ஒரே வயிறாகவே எண்ணுகின்றன. அந்தக் குடும்பத்துக்குள் யார் முதலில் உண்கிறார், மீன் துண்டு யாருக்குப் போகிறது, யார் கடைசியில் சட்டியைத் துடைத்துச் சாப்பிடுகிறார் என்பவை எந்தப் படிவத்திலும் வருவதில்லை.

இக்குறிப்பு, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் கிராமங்களில் மாதர் சங்கங்களிலும் தாய்மார் குழுக்களிலும் வேலை செய்வோருக்காகவும், தம் வீட்டின் ஒழுங்கைத் தாமே மாற்ற விரும்பும் கணவன்மாருக்காகவும் மாமிமாருக்காகவும் எழுதப்படுகின்றது. பெண்களைக் கூட்டி வைத்து "சத்தான உணவு உண்ணுங்கள்" என்று புத்தி சொல்லும் வகுப்புகள் ஏற்கெனவே நிறைய நடந்துவிட்டன. எது சத்தானது என்பது அநேகமான பெண்களுக்குத் தெரியும். அதைத் தம் கோப்பையில் போட்டுக்கொள்ளும் உரிமைதான் அவர்களிடம் இல்லை. ஆகவே இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் வீட்டின் ஒழுங்கை மாற்றுவது பற்றியதே.

மூன்று நாட்கள் பார்த்து எழுதுதல்

முதல் வேலை, ஒரு வீட்டில் மூன்று நாள் உணவைப் பார்த்து எழுதுவதாகும். அவற்றுள் ஒன்று சாதாரண நாளாகவும், ஒன்று மீனோ இறைச்சியோ சமைத்த நாளாகவும், ஒன்று வெள்ளிக்கிழமை போன்ற மரக்கறி நாளாகவும் இருப்பது நல்லது. "எல்லாரும் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் "ஓம்" என்ற ஒரே விடைதான் வரும். அதைக் கேட்காமல், யாருக்கு முதலில் பரிமாறப்பட்டது, துண்டுகள் எத்தனை, அவை யார் யாருக்குப் போயின, சமைத்தவர் எத்தனை மணிக்கு உண்ண உட்கார்ந்தார், அப்போது சட்டியில் என்ன மிஞ்சியிருந்தது என்று கேட்க வேண்டும்.

மீன் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் வந்த மீன்காரரிடம் அரைக்கிலோ வாங்கியாயிற்று. குழம்பில் ஏழு துண்டுகள் வந்திருக்கின்றன. நடுத்துண்டு இரண்டு தகப்பனுக்கு, வயலுக்குப் போகும் மூத்த மகனுக்கு இரண்டு, பள்ளிக்கூடம் போகும் இளையவனுக்கு ஒன்று, மாமனாருக்கு ஒன்று, மகளுக்கு வால்துண்டு. தாய் "நான் பிறகு சாப்பிடுறன், நீங்கள் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு, எல்லாரும் எழும்பிய பின் சட்டிக்குள்ளேயே சோற்றைப் போட்டுப் பிரட்டி, ஒட்டியிருந்த குழம்போடு உண்கிறாள். அவளுக்குச் சோறு குறையவில்லை, வயிறும் நிரம்பிவிட்டது. ஆனால் அவள் உண்டது அனேகமாக மாச்சத்து மட்டுமே. இந்த நிலையை யாரும் பசி என்று சொல்லமாட்டார்கள் என்பதால்தான் அது ஆண்டுக்கணக்காகக் கண்ணில் படாமல் தொடர்கின்றது.

எழுதிய பின் எண்ணிப் பார்ப்பதற்கு, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 15 வயது முதல் 49 வயது வரையான பெண்களுக்கென வகுத்த எளிய அளவுகோல் ஒன்று உண்டு. உணவைப் பத்து வகைகளாகப் பிரித்து, முந்திய ஒரு நாளில் அவற்றுள் ஐந்தையாவது அந்தப் பெண் உண்டாளா என்று பார்ப்பதே அதன் முறை. எங்கள் ஊர்ப் பொருள்களில் சொன்னால், சோறு, குரக்கன், மரவள்ளி ஆகியவை ஒரு வகை; பயறு, கௌபி, உழுந்து, பருப்பு இன்னொன்று; கச்சான், எள்ளு மூன்றாவது; பாலும் தயிரும் நான்காவது; குளத்து மீன், கருவாடு, இறைச்சி ஐந்தாவது; முட்டை தனியாக ஆறாவது. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, அகத்தி போன்ற கடும்பச்சை இலைகள் ஏழாவதாகவும், பூசணி, பழுத்த பப்பாசி, மாம்பழம் போன்ற மஞ்சள் நிறத்தவை எட்டாவதாகவும், கத்தரி, வெண்டி முதலிய மற்ற மரக்கறிகள் ஒன்பதாவதாகவும், வாழை, கொய்யா முதலிய மற்றப் பழங்கள் பத்தாவதாகவும் வரும். சுவைக்காகப் போட்ட ஒரு கரண்டி மாசிக்கருவாட்டுத் தூளையோ, சம்பலில் விழுந்த இரண்டு இலையையோ எண்ணக்கூடாது; குறைந்தது ஒரு மேசைக்கரண்டி அளவாவது உண்டிருக்க வேண்டும்.

இந்த அளவுகோல் பெண்களுக்கென்று வகுக்கப்பட்டதாயினும், அதே நாளில் அதே வீட்டுத் தகப்பனுக்கும் எண்ணிப் பாருங்கள். அவருக்கு ஆறும் அவளுக்கு மூன்றும் வந்தால், குறை சந்தையிலோ வருமானத்திலோ மட்டும் இல்லை என்பது தெளிவாகிவிடும். இருவருக்கும் மூன்றுதான் என்றால் அது வறுமையின் கணக்கு. அதற்கு மருந்து வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பல திட்டங்கள் உலர் உணவுப் பொதியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகின்றன.

பெண்ணுக்கு ஏன் குறைந்தால் கூடுதலாகத் தாக்கும்

"ஆம்பிளை வெயிலுக்குள்ளே வேலை செய்கிறவர், அவருக்குத்தானே கூட வேணும்" என்பது மாமிமார் சொல்லும் நியாயம். சக்தியைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. சோறு அவருக்குக் கூட வேண்டியதுதான். இரும்புச்சத்தின் கணக்கோ நேர்மாறானது. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் இரும்பு போதுமென்றால், மாதவிடாய் வருகின்ற பெண்ணுக்கு 18 மில்லிகிராமும் கர்ப்பிணிக்கு 27 மில்லிகிராமும் தேவை என்பது பரவலாகப் பயன்படும் பரிந்துரை. அதாவது, இரும்பு நிறைந்த மீனும் இறைச்சியும் யாருக்கு அதிகம் வேண்டுமோ அவருக்கே அவை மிகக் குறைவாகப் போகின்றன. கச்சான் பிடுங்கவும் களை எடுக்கவும் அவளும் அதே வெயிலுக்குள்தான் நிற்கிறாள் என்பதையும், பல இடங்களில் அதற்கு ஆணை விடக் குறைந்த நாட்கூலியே பெறுகிறாள் என்பதையும் அந்த நியாயம் மறந்துவிடுகின்றது.

குருதிப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் அளவு, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிக்குப் பொதுவாக 11 கிராமுக்கும் கீழ் இறங்கினால் அது குருதிச்சோகை. களைப்பு, மூச்சு வாங்குதல், தலைச்சுற்று ஆகியவற்றை "பொம்பிளையளுக்கு வாறதுதான்" என்று தள்ளிவிடுகிறோம். சோகையோடு பிள்ளை பெறும் தாய்க்குப் பேற்றின்போது சாதாரணமாக ஏற்படும் குருதியிழப்பே ஆபத்தாகலாம். நிறை குறைந்த தாய்க்கு 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பும் கூடுகின்றது. அப்படிப் பிறப்பது பெண்பிள்ளையாக இருந்து, அவளும் வால்துண்டிலேயே வளர்ந்து, பதினெட்டு வயதில் திருமணம் செய்து வைக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இது மாற்ற முடியாத விதியும் அல்ல. உடலமைப்பின்படி பெண்கள் ஆண்களை விடச் சற்றுக் கூடுதலாக வாழ வேண்டியவர்கள். ஆயினும் 1946 ஆம் ஆண்டில் இலங்கையில் ஆணின் எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் ஏறத்தாழ 44 ஆண்டுகளாக இருக்கையில் பெண்ணினது ஏறத்தாழ 42 ஆகவே இருந்தது. மலேரியாக் கட்டுப்பாடு, வீடு தேடி வரும் மருத்துவ மாதுகள், இலவசக் கல்வி ஆகியவை பரவிய பின், 1960களில் பெண்கள் முந்தினார்கள்.

பரிமாறும் ஒழுங்கை மாற்றுதல்

வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்து உண்பதே மிகச் சுலபமான வழி. ஆனால் வயல், தோட்டம், பள்ளிக்கூடம் என்று ஆளுக்கொரு நேரம் வரும் வீடுகளில் அது எப்போதும் கைகூடாது. அதற்கு எங்கள் வீடுகளிலேயே பழகிய முறை ஒன்று இருக்கிறது. பிந்தி வருகிற கணவனுக்குச் சோறும் கறியும் போட்டு மூடி வைப்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். அதையே சமைத்தவருக்கும் செய்ய வேண்டும்: அடுப்பிலிருந்து சட்டியை இறக்கியவுடன், யாருக்கும் பரிமாறுவதற்கு முன்பே, அவளுடைய பங்கை மீன் துண்டோடு ஒரு கோப்பையில் போட்டு மூடி வைத்துவிட வேண்டும். இதை அவளே செய்தால் "தனக்கு எடுத்து வைச்சிட்டாள்" என்ற பேச்சு வரும். கணவனோ மாமியோ செய்தால் அது ஒழுங்காகிவிடும். ஆகவே கூட்டத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் அவர்களே.

மாமிமாரைக் குற்றவாளிகளாக்கிப் பேசத் தொடங்கினால் வேலை கெட்டுவிடும். அவர்களும் அதே சட்டியைத் துடைத்தவர்களே. இடப்பெயர்வின்போதும் முகாம்களிலும் தம் பங்கைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுத்து வந்தவர்கள். "மாமி, உங்கட காலத்தில உங்களுக்கு ஆர் எடுத்து வைச்சவை?" என்று மருமகளோ குழுத் தலைவியோ மரியாதையாகக் கேட்கும் ஒரு கேள்வி, அரை மணி நேர விரிவுரையை விடக் கூடுதலாக வேலை செய்யும். கணவன்மாரிடம் பேசுவதற்குக் கமக்காரர் அமைப்பின் கூட்டமே ஏற்ற இடம்; பெண்களுக்கென்று கூட்டிய கூட்டத்துக்கு அவர்கள் வருவதில்லை.

அடுத்து விற்பனைக் கணக்கு. மாடும் கோழியும் வளர்க்கும் வீட்டில் பால் முழுவதும் சேகரிப்பு நிலையத்துக்கும் முட்டை முழுவதும் கடைக்கும் போய், அந்தக் காசில் பிஸ்கட்டும் நூடில்ஸும் வருவது இப்போது வழமையாகிவிட்டது. விற்பதற்கு முன் வீட்டுப் பங்கை ஒதுக்குங்கள்: பாலில் ஆளுக்கொரு கோப்பை, முட்டையில் தாய்க்கும் மகளுக்கும் உரியவை. கச்சான், கௌபி, உழுந்து பிடுங்கிய காலத்திலும் விதைக்கு எடுத்து வைப்பது போல வீட்டுக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்க வேண்டும். கோழி யாருடையது, முட்டைக் காசு யார் கைக்கு வருகின்றது என்பதும் முக்கியம். பெண்ணின் கைக்கு வரும் காசு பிள்ளைகளின் உணவுக்குக் கூடுதலாகப் போகிறது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று.

செலவில்லாத ஒரு மாற்றமும் உண்டு. சோறு உண்டவுடன் தேநீர் குடிக்கும் பழக்கம், உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைப் பெரிதும் தடுக்கின்றது. தேநீரை ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடித்து, முருங்கையிலை வறைக்கும் பருப்புக்கும் தேசிக்காய்ப் புளி விட்டு உண்டால், அதே உணவிலிருந்து கூடுதல் இரும்பு கிடைக்கும்.

பெரியபிள்ளையானதிலிருந்து பிள்ளைப்பேறு வரை

எங்கள் வழக்கத்தில் பெண்ணின் உணவு கொண்டாடப்படும் நாட்கள் சில உண்டு. பெரியபிள்ளையானவுடன் உழுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று அவளைக் கவனித்துக் கவனித்து ஊட்டுவார்கள். அது மிக நல்ல வழக்கம். அதன் குறை, சாமத்திய வீடு முடிந்தவுடன் அந்தக் கவனிப்பும் முடிந்துவிடுவதே. மாதவிடாய் மாதாமாதம் வருகின்றது. களி மட்டும் ஒருமுறை வருகின்றது. வாரத்தில் சில நாட்களாவது உழுந்தும் முட்டையும் அவளுக்குத் தொடரும்படி வீட்டில் பேசி முடிவெடுங்கள். பச்சை முட்டையாகக் கொடுக்காமல் அவித்துக் கொடுப்பதே பாதுகாப்பு. பாடசாலையில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையை அவள் உண்மையில் விழுங்குகிறாளா என்றும், காலையில் வெறும் தேநீரோடு போகிறாளா என்றும் கேளுங்கள்.

கர்ப்பமானால் எட்டு வாரத்துக்குள் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும். கிளினிக்கில் தரும் இரும்பு, போலிக் அமிலக் குளிசைகளைத் தேநீரோடோ பாலோடோ எடுக்கக்கூடாது. கல்சியக் குளிசையை வேறொரு வேளைக்கு மாற்ற வேண்டும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து குளிசையை நிறுத்துவோர் பலர். அது இரும்பினால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை. "கூடச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடும், பேறு கஷ்டம்" என்று சொல்லி உணவைக் குறைப்பது தவறு. தொடக்கத்தில் சாதாரண நிறையுள்ள தாய் பேற்றுக்கு முன் 11.5 முதல் 16 கிலோ வரை கூட வேண்டும். மெலிந்த தாய்க்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

கிளினிக்கில் தாய்மாருக்கு இலவசமாகக் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷா விடயத்தில் ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுவது பயன் தரும். மாதம் இரண்டு பொதி, ஒன்று 750 கிராம்; ஆகவே நாளொன்றுக்கு 50 கிராம் என்பது அந்தத் தாய்க்கு மட்டும் உரிய அளவு. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்து வைத்தால் பின்னேரத்துக்குள் பிள்ளைகளும் கணவனும் எடுத்து முடித்துவிடுவார்கள். நான்கு பேருக்குப் பிரிந்தால் அவளுக்கு 12 கிராம்தான் மிஞ்சும். பிள்ளைகள் கேட்கும்போது தாய் இல்லையென்று சொல்லமாட்டாள். அவர்களுக்குக் கச்சான் உருண்டையோ பயறோ வேறாகச் செய்து வைப்பதே தீர்வு, அதைச் செய்து வைக்க வேண்டியவர் வீட்டிலுள்ள மற்றவர்.

பிள்ளை பெற்ற பின் வரும் பத்தியத்தில் கொள்ள வேண்டியதும் தள்ள வேண்டியதும் கலந்திருக்கின்றன. சரக்குக் கறி, உள்ளி, சின்ன மீன், முருங்கையிலை எல்லாம் நல்லவை. கிரந்தி, அதாவது தோலில் கரப்பன் வரும் என்று முட்டையையும் பல மீன்களையும் மாதக்கணக்கில் விலக்குவதும், வயிறு பெருக்கும் என்று தண்ணீரைக் குறைப்பதும் தீங்கானவை; பாலூட்டும் தாய்க்கு வழமையை விட ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தேவை, தாகத்துக்குத் தண்ணீரும் தேவை. விரதத்தைப் பொறுத்தவரை, கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் விரதம் இருக்க வேண்டியதில்லை என்று கோயிற் பெரியவர் ஒருவரைக் கொண்டே சொல்விப்பது நல்லது. மருத்துவர் சொல்வதை விட அது வீட்டில் எடுபடும்.

தண்ணீர், வேலை, நேரம்

வயலிலும் தோட்டத்திலும் கழிப்பிடம் இல்லாத காரணத்தால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் பெண்கள் பலர். சிறுநீர்த் தொற்றும் தலையிடியும் அவர்களுக்கு அடிக்கடி வருவதில் வியப்பில்லை. சிறுநீரக நோய் பரவியுள்ள வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளில் இது கூடுதல் கவலைக்குரியது. கூலிக்கு ஆள் பிடிப்பவரிடம், ஒதுக்குப்புறமாகத் தகரமோ கிடுகோ அடைத்த ஓர் இடத்தைச் சங்கம் சேர்ந்து கேட்டால் கிடைக்கும். தனியாகக் கேட்கும் பெண்ணுக்கு அடுத்த நாள் வேலை கிடைக்காமல் போகலாம்.

தலைமை தாங்கும் பெண்கள்

போர் முடிந்த 2009 இற்குப் பின் வன்னியில் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் ஏராளம். அங்கே முதலில் உண்ணும் கணவன் இல்லை. ஆனால் ஒழுங்கு மாறிவிடவில்லை, அந்த இடத்துக்கு மகன் வந்துவிடுகிறான். அதிகாலையில் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடும் தாய் காலை உணவைத் தவறவிடுகிறாள். வீட்டில் தம்பிக்குச் சமைத்துப் போடும் பன்னிரண்டு வயது மகளே அடுத்த சட்டி துடைப்பவள் ஆகிறாள். இவ்வீடுகளுக்கு அறிவுரையை விட ஆள் உதவியே தேவை. பக்கத்து நான்கைந்து வீடுகள் முறை வைத்து ஒரு வீட்டில் இலைக்கஞ்சி காய்ச்சினால், ஒவ்வொரு தாய்க்கும் வாரத்தில் சில காலைகள் மிச்சமாகும். அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசும கொடுப்பனவுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கான போசாக்குப் பொதிக்கும் உரிய பெயர்கள் விடுபட்டுள்ளனவா என்று சங்கம் பிரதேச செயலகத்தில் பார்த்துக் கொடுப்பதும் இதனோடு சேர்ந்த வேலை.

நிறை கூடிய பெண்ணும் போசாக்குக் குறைந்தவளே

மெலிந்த பெண்ணை மட்டும் தேடினால் பாதிப் பேரைத் தவறவிடுவோம். மிஞ்சிய சோற்றை எறிய மனமில்லாமல் உண்டு உண்டே நாற்பது வயதில் இடுப்புப் பெருத்து, நீரிழிவும் சோகையும் ஒன்றாகச் சேர்ந்த பெண்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். இடுப்பளவு பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். முப்பத்தைந்து வயதில் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனால் சீனி, குருதியமுக்கம், மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் இலவசமாகப் பார்ப்பார்கள். 1996 இலிருந்து நடைபெறும் சேவை அது. போகாததற்குக் காரணம் அநேகமாகக் கூச்சமும் நேரமின்மையும். அன்றைய சமையலைக் கணவன் பொறுப்பேற்றால் இரண்டாவது காரணமாவது தீரும்.

சில வீடுகளில் இவை எதுவும் எடுபடாது. குடித்துவிட்டு வந்து சட்டியைத் தூக்கி எறிகிறவரிடம் பங்கு ஒதுக்குவது பற்றிப் பேசுவது, அந்தப் பெண்ணுக்கு அடி வாங்கிக் கொடுப்பதில்தான் முடியும். அங்கே உணவுக் கணக்கை நிறுத்திவிட்டு, அவளைத் தனியாகச் சந்தித்து, பெண்களுக்கான 1938 என்ற உதவித் தொலைபேசி எண்ணையும், வைத்தியசாலைகளில் வன்முறைக்குள்ளான பெண்களுக்கென இயங்கும் ஆலோசனைப் பிரிவையும் சொல்லி வையுங்கள். அந்த எண்ணை எழுதிக் கொடுக்காமல் மனப்பாடம் செய்ய வைப்பது பாதுகாப்பானது.

மற்ற வீடுகளில், மூன்று மாதம் கழித்து மூன்று நாள் கணக்கை மீண்டும் எழுதுங்கள். ஹீமோகுளோபின் மாற்றத்தைக் காண்பதற்கும் இந்த இடைவெளி பொருந்தும். பங்கு சரியாகி, குளிசையும் ஒழுங்காக எடுத்து, அப்படியும் எண் ஏறவில்லை என்றால், குடற்பூச்சித் தொற்றோ, கூடிய மாதவிடாய்ப் போக்கோ, தலசீமியா போன்ற பரம்பரைக் காரணமோ இருக்கலாம். மேலும் மேலும் இரும்புக் குளிசை வாங்கி விழுங்காமல் முழுமையான குருதிப் பரிசோதனைக்காக மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்.